உன் நாற்காலியில் உட்கார்ந்து

பிப்ரவரி தொடக்கம். தேதி தெரியவில்லை. வெளியே மூடுபனி.

அட்டவணைக்காரருக்கு,

‘பயப்பட வேண்டாம்’ என்று தொடங்கினால் நீங்கள் நிச்சயம் பயப்படுவீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். என் இடது மார்பில் ஒரு சின்னக் கட்டி வந்தது. புற்றுநோய்தான். போன மாதம் மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள். மார்பு அப்படியே இருக்கிறது. கட்டியும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையும்தான் போயிற்று. அக்குளிலும் சோதித்தார்கள், அங்கே பரவவில்லை. தையல் ஆறிவிட்டது. கையைத் தூக்கினால் மட்டும் ரவிக்கைக்குள் யாரோ நூலைப் பிடித்து இழுப்பது போல இருக்கிறது.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் நீங்கள் கிளம்பி வருவீர்களா மாட்டீர்களா என்பது தெரிந்துபோயிருக்கும். அதைத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. ஊர் ஊராக ஓடும் ரயில்களுக்கெல்லாம் ஆபீசில் உட்கார்ந்து நேரம் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒன்றிலும் ஏறாமலே ஓய்வு பெற்றவர் நீங்கள். மகள் விமானத்தில் வந்து பக்கத்தில் இருந்துவிட்டுப் போனாள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினது நான்தான். அவளைத் திட்டாதீர்கள்.

மயக்க மருந்து ஏறும்போது பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னார்கள். ஏழைத் தாண்டவில்லை, ஓர் இலைக்குள் நடந்துகொண்டிருந்தேன். நரம்புகளெல்லாம் தெருக்கள். கால் வைத்த இடமெல்லாம் பச்சையாக வெளிச்சம் கசிந்தது. ஆள் அரவமில்லை. கண் விழித்ததும் அழுகை வந்தது. வலியென்று நினைத்து ஊசி போட்டார்கள். பாதி நடந்த தெருவை விட்டுவிட்டு வந்த ஏக்கம் அது. யாரிடம் சொல்ல?

இப்போது விஷயம். இனிமேல் கதிர்வீச்சு வேண்டுமா வேண்டாமா என்பதை நானே முடிவு செய்ய வேண்டுமாம். டாக்டர் நம் மகள் வயதுப் பெண்.

“அம்மா, உங்க வயசுக்கு, உங்க கட்டிக்கு, ரெண்டும் சரிதான்” என்றாள்.

“ரெண்டும் சரின்னா நீங்க எதுக்கு இருக்கீங்க?”

சிரித்துவிட்டாள். அப்புறம் பொறுமையாகச் சொன்னாள். கதிர் எடுக்காவிட்டால் பத்து வருடத்தில் நூறு பேரில் சுமார் பத்துப் பேருக்கு அதே மார்பில் திரும்ப வரலாம். எடுத்துக்கொண்டால் ஒருவருக்கு. ஆனால் எடுத்தவர்களும் எடுக்காதவர்களும் வாழும் காலம் என்னவோ ஒன்றுதானாம். “கதிர் வேண்டாம்னு முடிவு பண்ணா மாத்திரைய மட்டும் விடாம சாப்பிடணும். அஞ்சு வருஷம். அதுதான் உங்களுக்குக் காவல்” என்றாள். முடிவை மூன்று மாதத்துக்கு மேல் தள்ளக் கூடாதாம்.

கதிர் எடுப்பதென்றால் அந்த இயந்திரம் உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. மூன்று வாரம், வேலை நாள் எல்லாம்.

முடிவு சொல்லச் சொல்லவில்லை. தெரிவிக்கிறேன், அவ்வளவுதான். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் ‘ம்’ கொட்டுவதைக் கேட்பதற்கு இந்த மலை உச்சியில் சிக்னல் தேடி அலைய என்னால் முடியாது.

இலைக்காரி


பிப்ரவரி 11, செவ்வாய், காலை.

இலைக்காரிக்கு,

கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் ‘தையல் ஆறிவிட்டது’ என்ற வரி கண்ணில் பட்டது. அதை முதலிலேயே எழுதியிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை.

நான் வந்திருப்பேனா என்று எழுதியிருக்கிறாய். வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்று எழுதுவது உனக்குக் கோபமூட்டும். ஆனால் நிச்சயமாகத் தெரியாததை நிச்சயம் என்று எழுதிப் பழக்கமில்லை.

நேற்று அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கதிர்வீச்சுப் பிரிவு தரைக்குக் கீழே, ஒரு சரிவுப் பாதையில் இறங்கிப் போக வேண்டும். குளுமையாக, நீருக்கடியில் போவது போல இருந்தது. காத்திருக்கும் கூடத்தில் சாம்பல் நிற நாற்காலிகள். ஒரு மூலையில் உட்கார்ந்தேன். வாசலில் இருந்த நர்ஸ் வந்து கேட்டார்.

“யாரு கூட வந்திருக்கீங்க சார்?”

“யாரு கூடவும் இல்லம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு.”

“சும்மா பாக்க யாரும் இங்க வர்றதில்லையே சார்.”

எழுந்து வந்துவிட்டேன்.

என் கருத்தைக் கேட்கவில்லை என்றாய். இருந்தாலும் எழுதிவைக்கிறேன். இரண்டு ரயில்களுக்கு ஒரே தண்டவாளத்தைக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டதுதான் நான் செய்த வேலை. நூறில் ஒன்று என்ற பாதை இருக்கும்போது நூறில் பத்து என்ற பாதையில் உன்னை அனுப்ப எனக்குக் கை வரவில்லை. கதிர் எடுத்துக்கொள். கிழக்குப் பக்க அறையில் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். காலை வெயில் முகத்தில் அடிக்காமல் இருக்க ஒரு திரைச்சீலை வாங்கி மாட்டியிருக்கிறேன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழிகளையும் நடந்து பார்த்துவிட்டேன். நிழல் உள்ள வழி கொஞ்சம் நீளம். ஆனாலும் அதுவே நல்லது.

அவசரப்பட்டுவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. இருந்தாலும் தபாலில் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
அட்டவணைக்காரன்


பிப்ரவரி நடுவில் ஒருநாள். மழை நின்ற மறுநாள்.

அட்டவணைக்காரருக்கு,

நான் இந்தத் தாவரத் தோட்டத்தில் செடிகளை வரையும் வேலைக்கு வந்தபோது, “நீங்களும் வாங்க, ரெண்டு பேருக்கும் போதுமான வீடு குடுக்கறாங்க” என்று கேட்டேன். “யோசிச்சுச் சொல்றேன்” என்றீர்கள். பதினொரு வருடமாக யோசிக்கிறீர்கள். பரவாயில்லை, பெரிய விஷயம், ஆற அமர யோசிக்க வேண்டியதுதான். ஆனால் நான் கேட்டபோது ஒரு முக்காலியைக்கூட நகர்த்தாதவர், புற்றுநோய் கேட்டதும் கட்டிலையே நகர்த்திவிட்டீர்கள். எனக்குக் கிடைக்காத மரியாதை அதற்குக் கிடைத்துவிட்டது.

திரைச்சீலை என்ன நிறம் என்று எழுதவில்லை. நீலம்தான். எனக்குத் தெரியும்.

மகளும் போன் செய்தாள். சிக்னலுக்காக, செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி நின்று பேசினேன்.

“அம்மா, ஒழுங்கா போய் கதிர் எடுத்துக்கோ. இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“நீ உங்க அப்பா மாதிரி பேசற.”

“அப்பா மாதிரி பேசினா நான் இன்னும் ‘ஹலோ’வே சொல்லியிருக்க மாட்டேன்.”

சிரித்தேன். ஆனால் மனசு மாறவில்லை. இங்கே ஒரு கொடி இருக்கிறது. நான் வந்த நாள் முதல் பூக்காமல் கண்ணாடி வீட்டுக் கூரையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. இப்போது அதில் ஒரு மொட்டு, குழந்தையின் கைமுட்டி அளவுக்கு. விரிந்தால் ஓரிரு நாள்தான் நிற்குமாம். இதுவரை யாரும் அதைப் பூவோடு வரைந்ததில்லை. வேர், இலை, தண்டு எல்லாம் வரைந்துவிட்டேன். தாளின் நடுவில் பூவுக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். மூன்று வாரம் தரைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டால் அந்த இடம் வெள்ளையாகவே நின்றுவிடும்.

கதிர் வேண்டாம். டாக்டரே ரெண்டும் சரி என்கிறாள். எனக்குப் பிடித்த சரியை நான் எடுத்துக்கொள்கிறேன். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

இலைக்காரி


மார்ச் 10, திங்கள், பிற்பகல்.

இலைக்காரிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல்தான் இருந்தேன். எழுதியவற்றைத் தபாலில் போடாமல் இருந்தேன் என்பது இன்னும் சரி.

நமக்குக் கல்யாணமான புதிதில் அலமாரியை எங்கே வைப்பது என்று ஒரு சண்டை வந்ததே, நினைவிருக்கும். நீ ஜன்னலோரம் என்றாய். நான் கதவோரம் என்றேன். சாப்பாட்டு மேசையில் திடீரென்று எழுந்து நின்று சொன்னாய்: “எந்திரிங்க. உங்க நாற்காலியில நான் உக்கார்றேன், என் நாற்காலியில நீங்க உக்காருங்க. உங்க கட்சிய நான் பேசறேன், என் கட்சிய நீங்க பேசுங்க. பொய் சொல்லக் கூடாது. பலமான காரணத்த ஒளிச்சு வைக்கக் கூடாது. வெச்சா தோத்ததா அர்த்தம்.”

பேசி முடித்தபோது நீ கதவோரம்தான் சரி என்று அடித்துச் சொன்னாய். நான் ஜன்னலோரம் என்று மனம் மாறியிருந்தேன். கடைசியில் அலமாரி நடைவழியில் போய் நின்றது, இருவருக்கும் பிடிக்காத இடத்தில். இன்று காலைகூட அதில் தோளை இடித்துக்கொண்டேன். கிறுக்குத்தனமான வழக்கம்தான். ஆனாலும் இந்த வீட்டுச் சண்டைகளெல்லாம் அதில்தான் தீர்ந்தன.

அதனால் இன்று உன் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நிஜமாகவே உட்கார்ந்திருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் ஜன்னலில் வானம் அதிகம் தெரிகிறது. எனக்கு அது இதுவரை தெரியாது. இனிக் கீழே வரும் ‘நான்’ நீ.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. என் கட்டி சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னது. முழுதாக எடுத்தாயிற்று. வேறெங்கும் பரவவில்லை. மாத்திரைக்குக் கட்டுப்படும் வகை. என் கணவர் நூறில் பத்துப் பேரை நினைத்துப் பயப்படுகிறார். மீதித் தொண்ணூறு பேரை அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை. அவர்களுக்குக் கதிர் இல்லாமலே திரும்ப வரப்போவதில்லை. அவர்கள் தினமும் சரிவுப் பாதையில் இறங்கி, சட்டையைக் கழற்றி, தோல் சிவந்து, அசந்துபோய் வீடு திரும்புவது எதற்காக? கதிர் என் ஆயுளில் ஒரு நாளைக் கூட்டப் போவதில்லை. ஆனால் இருக்கும் நாட்களில் சிலவற்றை எடுத்துக்கொள்ளும். தப்பித் தவறித் திரும்ப வந்தால் அன்றைக்கு மறுபடி வெட்டி எடுக்கலாம், அன்றைக்குக் கதிரும் மிச்சமிருக்கும். ஒரே இடத்தில் இரண்டு முறை கொடுப்பது எளிதல்ல என்று சொல்கிறார்கள். இப்போதே ஏன் செலவழிக்க வேண்டும்?

கடைசியாக, எல்லாவற்றிலும் பலமான காரணம். என் கணவர் சொல்லும் கணக்கு சரிதான். ஆனால் கணக்குப் போடும் ஆளைப் பார்க்க வேண்டும். அந்த இயந்திரம் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேறோர் ஊரில் இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாக ‘எடுத்துக்கொள்’ என்று எழுதியிருப்பாரா? எழுதியிருக்க மாட்டார். மதில்மேல் பூனையாக நாலு பக்கம் எழுதியிருப்பார். அவருக்கு என்னை மூன்று வாரம் அந்தக் கிழக்கு அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. அதற்கு என் நோய் ஒரு சாக்கு. ஆகவே அவர் யோசனையை நம்பக் கூடாது.

முடிந்தது. எழுந்து என் இடத்துக்கு வந்துவிட்டேன். கொஞ்சம் தலை சுற்றுகிறது. இப்போது கதிர் வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

திரைச்சீலை நீலம்தான்.

அட்டவணைக்காரன்


மார்ச், கடைசி வாரமாக இருக்கும். நாள் முழுக்கப் பனி.

அட்டவணைக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்ணாடி வீட்டில் கொடிக்குக் கீழே உட்கார்ந்து படித்தேன். கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தாளில் தண்ணீர் விழுந்தது. அழுதேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அழவில்லை என்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பாவி மனுஷா, என்னைவிட நன்றாக என் கட்சியைப் பேசிவிட்டீர்கள். அதனால் நானும் சும்மா இருக்க முடியாது. இங்கே உங்கள் நாற்காலி இல்லை. ஒரு தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். இனி வரும் ‘நான்’ நீங்கள்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. வானம் பளிச்சென்று இருந்தாலும் குடையோடுதான் வெளியே போவேன். அதனால் நான் சொல்வதெல்லாம் தப்பு என்று ஆகிவிடாது. குடைக்காரன் சொல்லியும் மழை வருவதுண்டு. என் மனைவிக்குத் திரும்ப வந்தால் அன்றைக்கு மறுபடி வெட்டலாமாம். இப்படிச் சொல்வது சுலபம். அன்றைக்கு அவளுக்கு எண்பது. மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல், மறுபடி மகள் விமானம் ஏறணும். முதல் தடவை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. இரண்டாம் தடவை சொன்னால் கேட்க நான் இருப்பேனா?

நான் அவளை வீட்டில் வைத்துப் பார்க்க ஆசைப்படுவது உண்மை. ஆசை இருப்பதால் கணக்கு பொய்யாகிவிடுமா? பசிக்கிறவன் சொன்னாலும் சோறு சோறுதான்.

இதெல்லாம் நல்ல வாதம்தான், பலமான வாதம் இல்லை. பலமானது ஒன்று இருக்கிறது. அதை நான் அறிய மாட்டேன். அறிந்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன்.

என் மனைவி மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

ஆமாம். இது நானே பேசுவது. ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே விரல்கள் காலையில் காய்ந்த சுள்ளி மாதிரி மடங்க மறுத்தன. தூரிகை நழுவி விழுந்தது. ஒரு விதையின் ஓரத்தில் இருக்கும் ரோமத்தை வரையப் போய், கோடு புழு மாதிரி நெளிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை மேசை டிராயரில் போட்டு மூடினேன். விரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ‘பிறகு ஆரம்பிப்போம், பூ விரியட்டும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாத்திரைதான் காவல் என்றாள் டாக்டர். காவலைத் துரத்திவிட்டுக் கதவையும் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நூறில் எத்தனை என்று எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருக்கிறது.

ஒளித்து வைத்திருக்கலாம். நீங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் கட்சியைப் பேச உட்கார்ந்துவிட்டு எப்படித் தோற்பது?

இலைக்காரி


மார்ச் 31, திங்கள், கடிதம் வந்த உடனே.

இலைக்காரிக்கு,

ஜெயித்ததாக நினைக்கவில்லை. தயவுசெய்து அப்படி நினைத்துவிடாதே. 

திட்ட மாட்டேன். விரல் மடங்காமல் நீ தாளின் முன்னால் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்க்கிறேன், அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். டாக்டரிடம் சொல்லிவிடு. என்னிடம் சொன்னதை அப்படியே அவரிடம் சொல். ‘பிறகு’ வேண்டாம். மூன்று மாதம் என்று அவர் சொன்ன கெடு முடியப் போகிறது.

கதிர் எடுப்பதாக முடிவானால் கிழக்கு அறையை மறந்துவிடு. ஆஸ்பத்திரிக்கு எதிரே விடுதி ஒன்று இருக்கிறது, வெளியூர் நோயாளிகள் தங்குவதற்கு. போய்ப் பார்த்தேன். இரண்டாம் மாடியில் ஓர் அறை, சுத்தம். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். நீ அங்கே தங்கிக்கொள். நீ கூப்பிட்டாலொழிய வர மாட்டேன். என் ஆசை உன் கணக்கில் குறுக்கே நிற்க வேண்டாம்.

போன வாரம் ஒரு கனவு. பழைய ஆபீஸ் மேசையில் பெரிய தாளை விரித்து ரயில் நேரம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு ரயில் எங்கே போட்டாலும் நகர்ந்து நகர்ந்து, தாளில் இல்லாத ஒரு ஸ்டேஷனில் போய் நிற்கிறது. ஆட்கள் இறங்குகிறார்கள், செடி கொடி நடுவில். ஒருவருக்கும் பதற்றமில்லை. நான் மட்டும் ரப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பதில் போடு. தேதி போடாவிட்டாலும் பரவாயில்லை.

அட்டவணைக்காரன்


ஏப்ரல். முதல் வெயில்.

அட்டவணைக்காரருக்கு,

சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் போன பிள்ளை மாதிரி டிராயரில் இருந்த மாத்திரை அட்டையைக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்தேன்.

“ஏம்மா, கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எத்தனை பேருக்கு மாத்திக் குடுத்திருக்கேன்!”

“நீங்க திட்டுவீங்கன்னுதான்.”

“இப்ப மட்டும் கொஞ்சுவேனா? மாத்திரையும் இல்ல, கதிரும் வேண்டாம்னா, குடையும் இல்லாம கூரையும் இல்லாம நிக்கறீங்கம்மா.”

வேறு வகை மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறாள். கைக்கு ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் கதிர்தான் துணை. நான் கேட்டேன், “அப்ப ரெண்டும் சரின்னு சொன்னீங்களே?”

“அது மாத்திரை சாப்பிடறவங்களுக்கு. உங்களுக்கு இப்ப ஒன்னுதான் சரி.”

கதிர் எடுத்துக்கொள்கிறேன். யாரும் தள்ளவில்லை, தூரிகையையும் வைத்துக்கொண்டு மார்பையும் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. மொட்டு இன்னும் விரியவில்லை. விரியும்போது நான் தரைக்கடியில் இருப்பேன். தோட்டத்து விதை அறையைப் பார்த்துக்கொள்பவரிடம் புகைப்படம் எடுத்து வைக்கச் சொன்னேன். “எடுக்கறேம்மா, ஆனா போட்டோவுல அது பூ மாதிரி தெரியும், அவ்வளவுதான்” என்றார். அவரும் என்னைப் போலச் செடிப் பைத்தியம் பிடித்த ஆள். தாளில் அந்த வெள்ளை இடத்தைத் துணி போட்டு மூடிவைத்தேன். நேற்று பூராவும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

விடுதி வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரமாம். என்ன மரம்? உங்களுக்குத் தெரியாது. பேர் தெரியாத மரத்தோடு மூன்று வாரம் இருக்க முடியாது. கிழக்கு அறைக்கே வருகிறேன். ‘எப்படி இருக்கு’ என்று நாளைக்கு ஒரு தடவைதான் கேட்கலாம். தலையணையைத் தட்டிக் கொடுக்கக் கூடாது. மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு பின்னாலேயே சுற்றக் கூடாது.

இலைக்காரி


ஏப்ரல் 30, புதன். சாப்பாட்டு மேசையிலிருந்து கிழக்கு அறைக்கு.

இலைக்காரிக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேனே என்று சிரிப்பாய். நீ தூங்குகிறாய். கதவிடுக்கில் வைத்துவிடுவேன்.

‘எப்படி இருக்கு’ என்பதை இன்று காலையே கேட்டுத் தீர்த்துவிட்டேன். அதனால் நேற்று முதல் உன் கழுத்துக்குக் கீழே சிவந்திருப்பதைப் பற்றிக் கேட்க முடியவில்லை. நர்ஸிடம் கேட்டேன். அது வரும், போகும் என்றார். நிபந்தனையை மீறியதாக ஆகாது என்று நம்புகிறேன்.

கூடத்தில் நீ உள்ளே போனதும் சிவப்பு விளக்கு எரிகிறது. அது அணையும் வரை அந்தக் கூடத்தில் யாரும் பேசுவதில்லை. தண்ணீருக்குள் எல்லோரும் ஒன்றாக மூழ்கியிருப்பது போல இருக்கிறது. இன்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார், “வீட்டுக்காரம்மாவுக்கா?”

“ஆமா” என்றேன்.

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து தோளைத் தட்டும் வரை விளக்கு அணைந்ததுகூடத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதன் பிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்க நினைக்கிறேன். சாப்பிடும்போது இரண்டு தடவை கேட்க வாயெடுத்தேன். ஒரு தடவை உப்பு கேட்டேன், ஒரு தடவை தண்ணீர் கேட்டேன். இரண்டும் எனக்குத் தேவைப்படவில்லை.

எந்தப் பதிலும் சரிதான். நிஜமாகவே சொல்கிறேன். உன் அறைக் கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிவது போதும் என்று நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதவில்லை.

அட்டவணைக்காரன்


அதே தேதிதான். தேதி போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணைக்காரருக்கு,

தூங்கவில்லை. நீங்கள் கதவிடுக்கில் காகிதத்தைத் தள்ளும்போது மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது.

உள்ளே என்ன நடக்கிறது என்று நீங்கள் கேட்கவே இல்லை. நான்தான் கேட்கக் கூடாது என்றேன். சொல்கிறேன். என்னைப் படுக்கவைத்து, தோலில் வைத்திருக்கும் கடுகளவு புள்ளிகளைச் சிவப்பு வெளிச்சக் கோட்டோடு பொருத்துகிறார்கள். மேலே கூரையில் மரக்கிளைப் படம் ஒட்டி, பின்னால் விளக்கு போட்டிருக்கிறார்கள், நோயாளிகள் மனசு லேசாக. இலைகள் தப்பு. அந்த மரத்தில் இலை ஜோடி ஜோடியாக வரணும், எவனோ மாற்றி மாற்றி வரைந்திருக்கிறான். முதல் வாரம் முழுக்க அதைத் திருத்திக்கொண்டே படுத்திருந்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். இப்போது அந்தத் தப்புக் கிளைக்குக் கீழேதான் எனக்கு நல்ல தூக்கம் வருகிறது.

எல்லோரும் வெளியே போய்க் கதவை மூடிக்கொள்வார்கள். ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல் மட்டும் வரும். “மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்கம்மா… அப்படியே… விடுங்க.” எதற்கு என்று நேற்றுதான் கேட்டேன்.

“இடது பக்கம் இல்லையாம்மா? மூச்ச இழுத்துப் பிடிச்சா இதயம் கொஞ்சம் தள்ளிப் போயிரும். அதுமேல கதிர் படாது.”

“திரும்பி வருமா?”

“விட்டா வந்துரும்மா. எங்க போயிரப் போகுது?”

இன்றைக்கு உள்ளே படுத்துக்கொண்டு அதைக் கவனித்தேன். இழுத்துப் பிடித்தேன். ஒரு பெரிய அறையில் யாரோ சத்தமில்லாமல் எழுந்து ஓரமாகப் போய் நிற்பது போல இருந்தது. ஒன்றும் வலிக்கவில்லை. இடம் காலியாக, குளிர்ச்சியாக இருந்தது. ‘விடுங்க’ என்றாள். விட்டேன். அது தன் பாட்டுக்கு வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது, ஒரு கேள்வி கேட்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். இங்கே தங்க மாட்டேன். சனிக்கிழமை காலை ரயிலில் போகிறேன். எனக்கு வேலை இருக்கிறது, மாத்திரை கைக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. புது மாத்திரையை இதுவரை ஒருநாளும் விடவில்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

ஸ்டேஷனில் நின்று கையாட்டுவதெல்லாம் வேண்டாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறுங்கள்.

இலைக்காரி


வியாழன், விடிகாலை. உன் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம். பெட்டி என்றால் உன் பெட்டியா, என் பெட்டியா?


இரண்டும்.